கலவரம் என்று எழுதினேன்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2022 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது ஒரு செய்தி இணையதளத்தின் விளையாட்டுப் பிரிவில் உதவி ஆசிரியர். அதிகாலைப் பணி. இந்தோனேசியாவின் மலாங் பகுதியில் முந்தைய நாள் இரவு கால்பந்துப் போட்டி முடிந்ததும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துவிட்டதாக ஏஜென்சி செய்தி வந்தது. நாலைந்து வரிதான். அதைப் படித்து முடிப்பதற்குள் என் கை தலைப்பைத் தட்டிவிட்டது: 'கால்பந்து மைதானத்தில் கலவரம்: ரசிகர்கள் மோதலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலி'. பத்து நிமிடத்தில் செய்தி ஏறிவிட்டது. கூடவே கோப்பிலிருந்து எடுத்த ஒரு படம். புகை, கொடி, சட்டையில்லாமல் கத்தும் இளைஞர்கள். அது எந்த ஊர், எந்த ஆண்டு என்றுகூட நான் பார்க்கவில்லை.

அன்று மோதியவை அரேமா, பெர்செபயா என்ற இரண்டு அணிகள். பல காலப் பகை. சண்டை வந்துவிடும் என்று பயந்து பெர்செபயா ரசிகர்களை அன்று கஞ்சுருஹான் மைதானத்துக்குள் விடவே இல்லை. முன்கூட்டியே தடை. கேலரியில் இருந்த அத்தனை பேரும் ஒரே அணியின் ரசிகர்கள். அப்படியென்றால் யாரோடு யார் மோதினார்கள்? நான் எழுதிய 'மோதல்' என் கற்பனை. வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கம் செய்துவிட்டது. அது இன்னும் மோசம்.

நடந்தது இதுதான். சொந்த ஊரில் அரேமா 3-2 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் கொஞ்சம் பேர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். அது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. காவலர்கள் அவர்களை விரட்டியதோடு நிற்காமல், கேலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கமும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைச் சுட்டார்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்த மைதானத்தில் கண்ணீர்ப்புகை பயன்படுத்தக் கூடாது என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி. கண் எரிந்து, மூச்சு முட்டி, எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கட்டில் இறங்கினார்கள். கீழே வாசல்கள். சில பூட்டிக் கிடந்தன, சில பாதிதான் திறந்திருந்தன. 135 பேர் இறந்தார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். பாதுகாப்பு கருதி ஆட்டத்தைப் பிற்பகலுக்கு மாற்றும்படி காவல்துறை முன்பே கேட்டிருந்தது. ஒளிபரப்புக்கு இரவுதான் வசதி என்று லீக் நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை. இதில் ஊடகத்தின் பங்கு என் தலைப்போடு முடிந்துவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

'கலவரம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். குற்றவாளி அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். கூட்டம்தான் குற்றவாளி. அதற்குமேல் வாசகர் எதையும் கேட்கப் போவதில்லை. 'தள்ளுமுள்ளு' என்று எழுதினாலும் அப்படித்தான், செத்தவர்களே ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டதாக ஆகிவிடும். 'நெரிசல்' என்று எழுதினால் கேள்வி வரும். எத்தனை வாசல்? யார் பூட்டினார்கள்? எத்தனை டிக்கெட் விற்றார்கள்? இன்னொன்று, 'மிதிபட்டுச் சாவு' என்று எழுதுவோம். இத்தகைய இடங்களில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையில், நாலு பக்கமும் அழுத்தம் வந்து, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சுநின்று சாகிறார்கள். கை தூக்கக்கூட முடியாது.

அப்படி இறந்தவர்களில் லிவர்பூல் ரசிகர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கிய பக்கத்தில் சுழல்கதவுகள் போதவில்லை, வெளியே கூட்டம் நசுங்கத் தொடங்கியது. பிற்பகல் 2:52க்கு, காவல் பொறுப்பில் இருந்த அதிகாரி 'சி' கேட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே வந்தவர்களுக்கு நேர் எதிரே ஒரு சுரங்கப்பாதை. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப் பகுதிக்குப் போனது. அந்தப் பாதையை யாரும் மூடவில்லை. பக்கத்துப் பகுதிகளில் இடம் இருந்தது, அங்கே போங்கள் என்று சொல்லவும் ஆளில்லை. 3 மணிக்கு ஆட்டம் தொடங்கியது. 3:06க்கு நிறுத்தினார்கள். கடைசிக் கணக்கில் 97 உயிர்கள்.

இந்த இடத்தில் வேலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பகுதி கூண்டு மாதிரி இருந்தது. முன்னால் உயரமான கம்பிவேலி, பக்கவாட்டிலும் கம்பி. வேலி எதற்கு வந்தது? ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்துவிடுவார்கள் என்ற பயத்தால். பயம் முழுப் பொய்யல்ல, அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அடிதடி நடந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு வாரா வாரம் தீனி போட்டது செய்தித்தாள்கள். லெஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் பழைய நாளிதழ்களைப் புரட்டிப் பார்த்தார்கள். முதல் உலகப் போருக்கு முன்பும் கால்பந்து மைதானங்களில் கல்வீச்சு, நடுவர்மீது தாக்குதல் எல்லாம் நடந்திருக்கின்றன. ஆட்டச் செய்திக்கு நடுவே சின்னப் பத்தியாக வந்து போயிருக்கின்றன. 1960களில், உலகக் கோப்பை இங்கிலாந்துக்கு வரவிருந்த நேரத்தில், ஆட்டத்தைவிட கேலரியைக் கவனிக்கும் பழக்கம் பத்திரிகைகளுக்கு வந்தது. சின்னப் பத்தி முதல் பக்கத்துக்குப் போனது. போர்க்களம், காட்டுமிராண்டிகள், மிருகங்கள் என்று எழுதினார்கள். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, சண்டைக்கென்றே மைதானம் தேடி வந்தவர்களும் உண்டு.

ஹில்ஸ்பரோவில் நசுங்கிக்கொண்டிருந்தவர்கள் உயிர்பிழைக்க அந்த வேலிமேல் ஏறினார்கள். அதைப் பார்த்த காவலர்களுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? மைதானத்துக்குள் புகுந்து கலாட்டா செய்யப் பார்க்கிறார்கள் என்பது. ஏறியவர்களைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். பல வருடங்களாகப் படித்த சொற்கள் அவர்கள் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு, இரண்டு அடி தூரத்தில் செத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்க்கவிடாமல் செய்தன. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

உள்ளே வந்த ஆம்புலன்ஸ் மிகக் குறைவு. ரசிகர்களே மைதானத்தைச் சுற்றியிருந்த விளம்பரப் பலகைகளைப் பிய்த்து, ஸ்ட்ரெச்சராக்கி, மயங்கிக் கிடந்தவர்களைப் படுக்க வைத்து, ஆறேழு பேராகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் படங்களை இன்றும் பார்க்கலாம். நாலு நாள் கழித்து, அதே ரசிகர்களைப் பற்றி 'தி சன்' நாளிதழ் முதல் பக்கத்தில் 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டது. இறந்தவர்களின் சட்டைப்பையில் திருடினார்கள், காவலர்கள்மேல் சிறுநீர் கழித்தார்கள், செயற்கைச் சுவாசம் கொடுத்த காவலரை அடித்தார்கள் என்று எழுதியது. காவல்துறையினரும் ஓர் உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினரும் சொன்னதாக ஒரு செய்தி முகமை கொடுத்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். கேட்டைத் திறக்கச் சொன்ன அதிகாரியோ, ரசிகர்கள்தான் கேட்டை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அன்றே சொல்லியிருந்தார். இறந்த எல்லோருடைய ரத்தத்திலும் மது இருக்கிறதா என்று சோதித்தார்கள். பத்து வயதுப் பையனும் அதில் ஒருவன்.

அதே ஆண்டு ஆகஸ்டில், இதை விசாரித்த நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை, காவல் கட்டுப்பாடு தோற்றதுதான் முக்கியக் காரணம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் பழி போகவில்லை. 2012 செப்டம்பரில் ஒரு சுயாதீனக் குழு ஆவணங்களை வெளியிட்டபோதுதான் தெரிந்தது, காவலர்களின் வாக்குமூலங்களில் 164ஐக் கணிசமாகத் திருத்தியிருக்கிறார்கள், 116இல் காவல்துறைக்குப் பாதகமான வரிகளை நீக்கியோ மாற்றியோ இருக்கிறார்கள் என்று. அதன் பிறகுதான் 'தி சன்' முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. 23 வருடம் ஆகிவிட்டது.

சரி, ரசிகர்கள் எல்லோரும் அப்பாவிகளா? இல்லை. அதே லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கூட்டம் 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில், ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி தொடங்குமுன், இத்தாலியின் யுவென்டஸ் அணி ரசிகர்கள்மீது பாய்ந்தது. அவர்கள் பின்வாங்கி ஒதுங்கியதில் நெருக்குண்டு, சுவர் இடிந்து, 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இத்தாலியர்கள். 14 லிவர்பூல் ரசிகர்களுக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அது வன்முறைதான், அதற்கு வேறு பெயர் தேட வேண்டாம். ஆனால் இடிந்து விழும் நிலையில் இருந்த அந்த மைதானத்தை இறுதிப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் யார், இரு தரப்புக்கும் நடுவே வெறும் கம்பிவலையை வைத்தவர்கள் யார் என்ற கேள்வியும் அங்கேயே நிற்கிறது. பெல்ஜியக் கால்பந்துச் சங்கப் பொறுப்பாளரும் தண்டனை பெற்றார். அந்த இரவு பிணங்களை வெளியே எடுத்த பிறகும் ஆட்டத்தை நடத்தினார்கள். ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டது. என்னைக் கேட்டால், அன்று ஊடகம் செய்த சரியான காரியம் அது.

ஒரு பொய்த் தலைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பாரிஸில் பார்த்தோம். 2022 மே 28, சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும். ரசிகர்கள் மணிக்கணக்காக வாசலில் நசுங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெரிய திரையில், ரசிகர்கள் தாமதமாக வந்ததால் ஆட்டம் தாமதம் என்று அறிவிப்பு. வெளியே குழந்தைகள்மீதும் சக்கர நாற்காலியில் வந்தவர்கள்மீதும் கண்ணீர்ப்புகை. முப்பது, நாற்பதாயிரம் பேர் போலி டிக்கெட்டோடு வந்தார்கள் என்றார் பிரான்சின் உள்துறை அமைச்சர். 2023 பிப்ரவரியில் வந்த விசாரணை அறிக்கை, முதன்மைப் பொறுப்பு, போட்டியை நடத்திய ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யுஇஎஃப்ஏவுடையது என்றது. அதிகாரிகள் ஹில்ஸ்பரோவை ரசிகர் ரவுடித்தனம் என்றே தவறாக நினைத்திருந்ததும் லிவர்பூல் ரசிகர்களை நடத்திய விதத்தைப் பாதித்தது என்றும் சொன்னது. 33 வருடத்துக்கு முன்பு அச்சான பொய், அன்று பாரிஸின் வாசலில் நின்றது. ஆனால் இந்த முறை நிருபர்கள் அதே வரிசையில் நின்றிருந்தார்கள். ரசிகர்கள் கையில் கைபேசி இருந்தது. அமைச்சர் சொன்னதற்கு எதிரான காணொளிகள் அன்றிரவே வெளிவந்துவிட்டன.

2016 ஏப்ரல் 26 அன்று ஹில்ஸ்பரோ மரண விசாரணையின் ஜூரி குழு 14 கேள்விகளுக்குப் பதில் சொன்னது. ஏழாவது கேள்வி, ரசிகர்களின் நடத்தை இதற்குக் காரணமா என்பது. இல்லை என்றார்கள். 27 வருடம் காத்திருந்த குடும்பங்கள் நீதிமன்றத்தில் அழுதார்கள். மறுநாள் பிரிட்டனின் பெரும்பாலான நாளிதழ்களில் அதுதான் முதல் பக்கம். 'தி சன்' முதல் பக்கத்தில் அது இல்லை. உள்ளே, எட்டாம், ஒன்பதாம் பக்கங்களில் இருந்தது.

நான் செய்ததும் அதற்கு வெகுதூரமில்லை. மலாங் செய்தியின் தலைப்பை அன்று மதியமே மாற்றினேன். ஆனால் சத்தமில்லாமல் மாற்றினேன், திருத்தியிருக்கிறோம் என்று ஒரு வரிகூடப் போடவில்லை. காலையில் அதைப் படித்து நாலு பேருக்கு அனுப்பியவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேரவே இல்லை. அதனால் இந்த ஒலிவாங்கி முன் இன்று சொல்கிறேன். கஞ்சுருஹானில் இரு அணி ரசிகர்கள் மோதவில்லை. காவலர்கள் சுட்ட புகைக்குத் தப்பி ஓடிய 135 பேர், திறக்காத வாசல்களிலும் பாதி திறந்த வாசல்களிலும் சிக்கி இறந்தார்கள்.

நன்றி, வணக்கம்.