பரணைத் துடைப்பவர் யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் ரயில் பாதைப் பராமரிப்புக்காக ஞாயிற்றுக்கிழமை ரயில்களைக் குறைக்கும் மெகா பிளாக்கையும் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்திருக்கும் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘மும்பை வாழ்க்கைக்கு நிம்மதி தருவது பொருளைச் சேர்த்து வைப்பதா, குறைத்து வாழ்வதா?’ என்ற தலைப்பில், குறைத்து வாழ்வதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். வீட்டிலுள்ள பழம்பொருள்கள் முன்னோரின் நினைவு என்றார். இன்று வேண்டாததாகத் தெரிவது என்றைக்காவது உதவும் என்றார். பொருளைக் கழிப்பது பணக்காரர்களின் புதுமோகம், நடுத்தரக் குடும்பத்துக்கும் ஏழைக்கும் அது பொருந்தாது என்றார்.

மூன்றாவது வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் உண்மைக்கு மிகவும் தொலைவில் இருக்கிறது. ஒர்லியிலும் நாய்காவிலும் 1920-களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால்கள் என்னும் ஓரறைக் குடியிருப்புகளில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 160 சதுர அடி அறை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்ட நம்மவர்களில் பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை. விடிந்ததும் சுருட்டிச் சாத்தும் கோரைப்பாய், சுவரோடு மடங்கும் பலகை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குப் பாத்திரம், ஒரு தகரப் பெட்டி ஆகியவற்றை வைத்துக்கொண்டே அவர்கள் குடித்தனம் நடத்தினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், ஊரிலிருந்து வேலை தேடி வந்த உறவுக்காரப் பையனுக்கும் படுக்க இடம் கொடுத்தார்கள். வறுமையை நான் புகழவில்லை. அவர்கள் பட்ட நெருக்கடி யாருக்கும் வரக் கூடாது. ஆனால் எது அவசியம், எது இல்லாமல் முடியும் என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அவர்களிடம் இருந்தது. கைப்பேசியில் விரல் வைத்தால் மறுநாள் வாசலில் அட்டைப்பெட்டி வந்து நிற்கும் காலத்தில் அந்த அறிவைத் தொலைத்தவர்கள் நாம்தான்.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். வீட்டுக்குள் வந்த எந்தப் பொருளும் சும்மா கிடப்பதில்லை. அது யாரோ ஒருவரிடம் வேலை வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஜூலை மாதத்தில் இந்த ஊரில் ஒரு பாக்ஸ் கட்டிலைத் திறந்து பாருங்கள். மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, பலகையை விலக்கினால் முதலில் வருவது ஈரப் பிளைவுட்டின் வாடை. உள்ளே, கல்யாணத்தில் வந்து இன்னும் அட்டை பிரிக்காத டின்னர் செட், நவராத்திரிக்கு வந்த பிளவுஸ் துணிகள், பூச்சு உரிந்த நான்ஸ்டிக் கல், எந்தக் கருவிக்கு உரியதென்று யாருக்கும் தெரியாத சார்ஜர் வயர்கள், ஓரத்தில் வெண்பூஞ்சை படர்ந்த சூட்கேஸ், அதற்குள் மடிப்பு விட்டுப்போன ஒரு பட்டுப்புடவை. மழைக்காலம் முடிந்ததும் இத்தனையையும் வெளியே எடுத்து, துடைத்து, வெயில் காட்டி, நாப்தலின் உருண்டை போட்டு, மறுபடி அடுக்கி மூட வேண்டும். இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் அந்த வீட்டின் பெண். அலுவலகம் போய், கூட்ட ரயிலில் நின்றபடி திரும்பி, சமைத்து முடித்த பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே விடுமுறை நாளை அந்தக் கட்டில் விழுங்கிவிடுகிறது.

இது மனக்கணக்கு மட்டுமல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களைக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அதன் ஒரு பகுதி 2010-இல் வெளியானது. தங்கள் வீட்டை அலங்கோலமாகவும் வேலை முடியாததாகவும் விவரித்த மனைவியரின் உடலில், காலையில் உயர்ந்து மாலைக்குள் நன்றாக இறங்க வேண்டிய கார்டிசால் என்னும் சுரப்பு இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை என்பது அதன் முடிவு. நம்மைவிடப் பல மடங்கு பெரிய வீடுகளில் வாழ்பவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு படுக்கையறையும் கூடமும் மட்டுமே உள்ள நம் வீடுகளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பொருள் நம் இடத்தையும் பிடுங்குகிறது. நான் அறிந்த ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தார். மருத்துவமனையிலிருந்து அவரைத் தூக்கி வந்தவர்களால் நடைபாதையில் ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியவில்லை. ஒரு பக்கம் செருப்பு அலமாரி, மறுபக்கம் உடைந்த சைக்கிளும் பழைய கூலரும். வீட்டுக்குள் நோயாளிக் கட்டிலைப் போட, பல காலமாகத் திறக்கவே படாத இரண்டு பீரோக்களை அன்றிரவே படிக்கட்டில் இறக்க வேண்டியிருந்தது. அதே நடைபாதையில் தீப்பிடித்து எல்லோரும் ஓட நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகிறேன்.

இப்போது நினைவு. எதிரணித் தலைவர் தம் பாட்டியின் வெண்கலப் பானையைப் பற்றிச் சொன்னபோது நானும் கண் கலங்கினேன். அந்தப் பானையை எறியச் சொல்வதற்கு நான் யார்? ஐயா, அதைப் பரணிலிருந்து இறக்குங்கள், புளி போட்டுத் துலக்குங்கள், வரும் பொங்கலுக்கு அதில் பொங்குங்கள். கொலு பொம்மைகள் ஆண்டில் பெரும்பகுதி பெட்டியில்தான் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு நவராத்திரிக்கும் படியேறுகின்றன. அவற்றை யாரும் குப்பை என்று சொல்லவில்லை. பேத்திக்குப் பாட்டியின் பெயர்கூடத் தெரியாமல் பானை மட்டும் சாக்கில் கட்டிக் கிடக்குமானால், அங்கே நினைவு எங்கே இருக்கிறது? 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, குர்லாவிலும் காலினாவிலும் தரைத்தளத்தில் இருந்தவர்கள் முதலில் பிள்ளைகளைத் தூக்கினார்கள். பிறகு ரேஷன் கார்டு, சான்றிதழ் என்று கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு மாடியேறினார்கள். தண்ணீர் வடிந்தபின் தெருவோரம் குவிந்து கிடந்தவற்றில் எத்தனையோ, ‘என்றைக்காவது உதவும்’ என்று காத்து வைத்திருந்தவை.

‘உதவும்’ என்ற வாதத்துக்கு 2020-இன் பொது முடக்கத்தைச் சான்றாகக் காட்டினார்கள். அன்று நம்மைக் காப்பாற்றியது அரிசி டப்பாவும் பருப்பு டப்பாவும்தான். பரண் அல்ல. காலாவதியான மாத்திரையும் உப்பிப்போன பேட்டரியுள்ள பழைய போனும் என்றைக்கும் உதவப்போவதில்லை, அவை ஆபத்து. மொட்டைமாடியில் போட்டு வைத்த டயரில் தேங்கும் மழைநீர் போதும், டெங்கு கொசு முட்டையிட.

கழித்தால் எல்லாம் தேவ்னார் குப்பைமேட்டுக்குத்தானே போகும் என்று எதிரணியினர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1927 முதல் குப்பையைச் சுமக்கும் அந்த மேடு 2016 ஜனவரியில் தீப்பற்றி எரிந்து, செம்பூர்க்காரர்கள் புகையில் மூச்சுத் திணறியது எனக்கும் தெரியும். அதனால்தான் எறியாதீர்கள், பிரித்துக் கொடுங்கள் என்கிறேன். தாளைப் பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவிடம் கொடுங்கள். இரும்பையும் பிளாஸ்டிக்கையும் காயலான் கடைக்காரரான பங்கார்வாலாவிடம் கொடுத்தால் அது தாராவியில் மறுசுழற்சி நடக்கும் 13 காம்பவுண்டுக்குப் போய் மறுபடி மூலப்பொருளாகிறது. துணியை வாங்கிக்கொண்டு பாத்திரம் தரும் பெண்கள் இன்றும் தெருவில் வருகிறார்கள். அந்த டின்னர் செட் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் ஒரு பெண்ணின் வீட்டில் நாளைக்கே சோறு பரிமாறும். கழித்த இடத்தில் புதியதை வாங்கி நிரப்பாமல் இருப்பதுதான் கடினம். அதற்கு வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், முக்கியமாக ஆண்கள்.

நடுவர் அவர்கள் தீர்ப்பை எழுதுவதற்கு முன், இந்த அரங்கில் இருக்கும் பெண்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டில் பரணைத் துடைப்பது யார்? அவர்கள் சொல்லும் விடையை வைத்தே தீர்ப்பு வழங்குங்கள். நன்றி, வணக்கம்.