8,900 ரூபாய்ப் பசுவும் ஒரு பாத்திரம் மாவும்

வணக்கம், எல்லோருக்கும் வணக்கம். வேறு எதையும் பேசுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். கேமராவை இன்னும் கிட்டே கொண்டுவருகிறேன். தெரிகிறதா? மூடியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்திருக்கிறது. ஓரத்தில் வழிந்தும் இருக்கிறது. உங்களுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே துடைக்காமல் விட்டுவைத்தேன். மாவு பொங்கிவிட்டது! மொரீஷியஸுக்கு வந்து ஏழு வாரம் கழித்து, ஐந்தாவது முயற்சியில், என் வீட்டு இட்லி மாவு பொங்கிவிட்டது.

இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். "தீவில்தானே இருக்கிறீர்கள், கடலைக் காட்டுங்கள், தென்னைமரத்தைக் காட்டுங்கள்" என்று முதல் வீடியோவிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். பெட்டியில் ஒன்பது பருத்திப் புடவை, ஒரே ஒரு ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டரும் விமானத்தில் குளிரும் என்று எடுத்துவைத்தது. அதைத்தான் இப்போது போட்டிருக்கிறேன். நேற்றும் அதுதான், போன வீடியோவிலும் அதுதான். துவைத்தால் காயாது என்பதால் துவைக்கவும் பயமாக இருக்கிறது.

நாங்கள் இருப்பது கியூர்பிப். கடற்கரை ஊர் இல்லை. தீவின் நடுவில் இருக்கும் மேட்டு நிலம், ஏறத்தாழ 550 மீட்டர் உயரம். நம் ஊரில் ஜூலை, ஆகஸ்டு என்றால் வெயிலும் காற்றும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் இங்கே இதுதான் குளிர்காலம். தென்கிழக்கிலிருந்து வருகிற காற்று கடல் ஈரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து இந்த மேட்டில் கொட்டிவிட்டுப் போகிறது. மலை இறங்கி மேற்கே ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரைக்குப் போனால் பளீரென்று வெயில். அதே நேரத்தில் எங்கள் வாசலில் தூறல். என் வீட்டுக்காரரின் அலுவலகத்தில் கேலி செய்கிறார்களாம், கியூர்பிப்பில் இரண்டே பருவம், ஒன்று மழைக்காலம், இன்னொன்று அதிக மழைக்காலம் என்று. அவர் வேலை பார்ப்பது ஏபென் என்ற ஊரில். கீழே இருப்பதால் அங்கே வெயில் அடிக்கும். மனிதர் சிரித்துக்கொண்டே மெட்ரோ ஏறிப் போய்விடுவார். ஈரத்துணியோடு மல்லுக்கட்டுவது நானும் அத்தையும்தான்.

அப்புறம் ஏன் இங்கே வீடு பார்த்தீர்கள் என்றால், வாடகையும் பிள்ளைகளின் பள்ளியும்தான் காரணம். ஒரு தடவை வீட்டை வாடகைக்கு விட்ட பெரியவரிடமே கேட்டேன், ஏன் ஐயா இந்த மழையில் வந்து ஊரைக் கட்டினார்கள் என்று. 1866, 67 வாக்கில் தலைநகர் போர்ட் லூயியில் மலேரியா கொத்துக் கொத்தாக ஆளைக் கொண்டுபோனதாம். தப்பிக்க வழியிருந்தவர்கள் குளிர்ந்த மேட்டுக்கு ஏறி வந்துவிட்டார்கள், அப்படி வளர்ந்த ஊராம் இது. ஆக, கொசுவுக்குப் பயந்து வந்தவர்கள் கட்டிய ஊரில் நான் மாவு பொங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, மாவுக்கு வருகிறேன். சின்னவனின் பள்ளிக்கு வாங்கிய வெப்பமானியைச் சமையல் மேடையில் வைத்துப் பார்த்தேன். காலையில் 16 டிகிரி. இந்தக் குளிரில் எந்த உளுந்துதான் அசையும்? முதல் தடவை இருபத்து நான்கு மணி நேரம் வைத்தேன், சுண்ணாம்புக் கரைசல் போல அப்படியே கிடந்தது. இரண்டாவது, கம்பளி சுற்றிப் பீரோவுக்குள். மூன்றாவது, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல். இரவு இரண்டு தடவை எழுந்து வெந்நீர் மாற்றினேன். கைக்குழந்தை இருந்தபோதுகூட இப்படி எழுந்ததில்லை. நான்காவது, ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தால் அந்தச் சூடு போதும் என்று நீங்களே பலர் சொன்னீர்கள். எங்கள் ஓவனில் விளக்கு எரியவில்லை. பல்பு வாங்கப் போனால் அந்த அளவு கிடைக்கவில்லை. அந்த நான்கு நடை மாவும் தோசையாகத்தான் போயின. தோசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு சிட்டிகை சோடா உப்பு போடக்கூடாதா என்று கேட்காதீர்கள். என் சமையலறையில் சோடா உப்பு இட்லிப் பக்கம் வராது, பழைய நேயர்களுக்கு அது தெரியும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், கிரைண்டர்! கோயம்புத்தூர் கிரைண்டரைத் துணி சுற்றிக் கொண்டுவந்த வீடியோ பார்த்தீர்கள் அல்லவா? கல் முழுசாகத்தான் வந்து சேர்ந்தது. ஆனால் இங்கே சுவரில் இருப்பது இங்கிலாந்து மாதிரிச் சதுர ஓட்டை. நம் பிளக்கின் உருண்டைக் கம்பி எப்படி உள்ளே போகும்? மின்சாரம் அதே 230 வோல்ட்தான், வாயில்தான் வித்தியாசம். மலிவான அடாப்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஆடிக்கொண்டே இருந்தது, பாதி அரைவையில் நின்றது. கடைசியில் இவர் பிளக்கையே அறுத்துவிட்டு இந்த ஊர்ப் பிளக்கை மாட்டினார். இந்தப் பிளக்குக்கு உள்ளேயே ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கிறது, அது எனக்குப் புதுச் செய்தி. இங்கே வரப் போகிறவர்கள் அடாப்டருக்குக் காசைக் கொட்டாதீர்கள், பிளக்கையே மாற்றிவிடுங்கள்.

இப்போது மாவைப் பொங்கவைத்தவரைக் காட்டுகிறேன். இதோ, மூலையில் வெள்ளையாக நிற்கிறது. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம், டிஹியூமிடிஃபையர். இதை வாங்குவது எனக்கு முதலில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. முதல் கடையில் 11,400 ரூபாய் சொன்னார்கள், இந்த ஊர் ரூபாய். இங்கே ஒரு ரூபாய் நம் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நான் கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன். இவர் முகத்தைத் தூக்கிக்கொண்டார். இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் அதே கம்பெனி, அதே எண், அதே நிறம், 8,900! ஆக 2,500 ரூபாய் என் நடையால் மிச்சம். இதை நான் வருஷக்கணக்கில் சொல்லப் போகிறேன், இவரும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வாங்குவதற்கு நான் மறுப்பே சொல்ல முடியாமல் போனது ஒரு செருப்பால். அலமாரியில் பதினைந்து நாள் தொடாமல் இருந்த என் தோல் செருப்பை எடுத்தால், அதன்மேல் பச்சையாகப் பூஞ்சை. அதற்குப் பிறகு நானே வாங்கச் சொல்லிவிட்டேன். போட்ட முதல் நாள் திரையில் ஈரப்பதம் 91 காட்டியது. விடியும்போது 60க்குக் கீழே. தொட்டியைத் திறந்தால் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர்! நாம் அந்தத் தண்ணீரைத்தான் சுவாசித்துக்கொண்டு தூங்கியிருக்கிறோம். அத்தை அதற்குப் பசு என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் எழுந்ததும் "பசுவைக் கறந்தாயிற்றா?" என்றுதான் கேட்கிறார்.

இந்தப் பசு ஈரக் காற்றை உள்ளே இழுத்து, குளிர்ந்த குழாயில் படவைத்து, நீரை இறக்கிவிட்டு, காய்ந்த காற்றைக் கொஞ்சம் சூடாக வெளியே தள்ளுகிறது. துணி காயப்போடும் சின்ன அறையில் கதவைச் சாத்தி இதை ஓடவிட்டால், நான்கு மணி நேரத்தில் அறை 27 டிகிரிக்கு வந்துவிடுகிறது. வெப்பமானியை எடுத்துக்கொண்டு போய் நானே பார்த்தேன். பார்த்த நிமிடமே உளுந்தை ஊறப்போட்டேன். நேற்று மாலை அரைத்து, கையால் நன்றாகக் கலந்து, பள்ளிச் சட்டைகளுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். விடிந்தால் இதோ! சட்டையும் காய்ந்திருக்கிறது, மாவும் பொங்கியிருக்கிறது. சட்டையில் புளித்த வாசம் வருகிறதாம், பெரியவள் சொல்கிறாள். வரட்டும்.

சட்டினிக்கு வருவதற்கு முன் சனிக்கிழமைக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும். அத்தைக்குக் கோர் த கார்ட் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போக வேண்டும். அது காத்ர் போர்ன் என்ற ஊரில் இருக்கிறது. கோயிலைத் தனி வீடியோவாகப் போடுகிறேன். திரும்பும்போது அங்கே காய்கறிச் சந்தை, புதனும் சனியும் காய்கறி, வியாழனும் ஞாயிறும் துணி. வந்த புதிதில், கறிவேப்பிலை கிடைக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு கடையில் காய்ந்த சருகுப் பொட்டலத்தைக் கொள்ளை விலைக்கு வாங்கியவள் நான். சந்தையில் போய் நிற்கிறேன், நெற்றியில் குங்குமத்தோடு ஒரு வயதான அம்மா, அவர் முன்னால் கறிவேப்பிலை குவியல் குவியலாக! அது என்ன என்று விரலால் காட்டிக் கேட்டேன். "கரிபுலே" என்றார். கொத்தமல்லியைக் காட்டினேன். "கொத்தோமிலி." பீர்க்கங்காயைக் காட்டினால் "பிப்பாங்கய்". முருங்கைக்கீரை, "பிரேத் மூரூம்". அவருக்குத் தமிழ் பேச வராது, இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல் மட்டும்தான். எனக்குக் கிரியோல் வராது. ஆனால் காய்கறிக் கூடை முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான சொற்கள். அவருடைய கொள்ளுப்பாட்டனார் காலத்தில் கப்பலில் வந்த சொற்களாக இருக்கும். அத்தை அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேசிக்கொண்டே இருந்தார். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கொசுறாக ஒரு பிடி கறிவேப்பிலை வேறு.

பணம் கொடுக்கும்போது சின்னவன் கத்தினான், "அம்மா, நோட்டில் தமிழ்!" ஆமாம், இந்த ஊர் நோட்டில் தமிழ் எழுத்து மட்டுமல்ல, தமிழ் எண்ணும் உண்டு. நம் ஊரில் நாம் மறந்துவிட்ட எண். 1998இல் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்துவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், இந்த ஊர்த் தமிழ்த் தலைவர். சின்னவன் இப்போது கடைக்கு நூறு ரூபாய் நோட்டைத்தான் கேட்கிறான். மீதிச் சில்லறை அவனுக்கு என்பது வேறு கதை.

சட்டினி. எதிர்வீட்டுத் தந்தின், இங்கே வயதில் பெரிய பெண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவர் கொடுத்தது. தேங்காயோடு புதினாவும் புளியும் பச்சைமிளகாயும் வைத்து அரைத்தது. தாளிப்பு இல்லை. தாளிக்காத சட்டினியைச் சட்டினி என்று நான் ஒப்புக்கொண்டதே இல்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஆமை வடையைச் சின்னதாகச் சுட்டு, வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துத் தின்கிறார்கள் பாருங்கள், காத்தோ பிமா என்று, அந்த வடையை எத்தனை வேண்டுமானாலும் தின்பேன், ரொட்டியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இவருக்கு அதுதான் தினம் காலைச் சாப்பாடு.

சரி, தட்டைத் திறக்கிறேன். ஆவியில் லென்ஸ் மங்குகிறது, ஒரு நிமிடம். ஆ, பாருங்கள்! விரலால் அழுத்துகிறேன், எழுந்து வருகிறது. ஒரு தட்டு தந்தினுக்குப் போகிறது. தைப்பூசக் காவடிக்கு இங்கே அரசு விடுமுறை, அன்றைக்கு வாழை இலையில் ஏழு கறி வைத்துப் போடுகிறேன் என்று இப்போதே சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். அத்தை? "உப்பு ஒரு கல் குறைவு." அவ்வளவுதான். ஏழு வாரப் பாடு, உப்பு ஒரு கல் குறைவாம்.

அந்தச் சத்தம் கேட்கிறதா, பீப், பீப் என்று? தொட்டி நிறைந்துவிட்டது. கறக்கும் வரை கத்திக்கொண்டேதான் இருக்கும். போய்க் கறந்துவிட்டு வருகிறேன்.