சான்றிதழுக்கு முன்னும் பின்னும்: பழங்குடி என்ற உரிமை யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். ஒருவர் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்தானா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? பிறப்பா, வளர்ப்பா, அந்தச் சமூகத்தார் ‘எங்கள் பிள்ளை’ என்று ஏற்றுக்கொள்வதா? மலையிலும் காட்டிலும் இருப்பவர்களின் சங்கதி இது என்று காவிரிப் பாசனத்தில் வாழும் நாம் ஒதுக்கிவிட முடியாது. திருவெறும்பூர்ப் பக்கம் தேவராயநேரியில் நரிக்குறவர்கள் குடியிருக்கிறார்கள். சிதம்பரத்தை அடுத்த கிள்ளை, பிச்சாவரம் பகுதிகளில் இருளர்கள் கழிமுகத் தண்ணீரில் இறங்கி, கையால் துழாவியே இறால் பிடிக்கிறார்கள். வருவாய்த் துறையில் இருந்து இத்தகையோரின் விண்ணப்பங்களைப் பார்த்து வந்தவன் என்ற முறையில் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் எந்தச் சமூகம் பழங்குடி என்பதை அரசியலமைப்பின் 342ஆவது பிரிவின் கீழ் வெளியிடப்பட்ட பட்டியல் தீர்மானிக்கிறது. அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்கு 1965ஆம் ஆண்டின் லோகூர் குழு வகுத்த அளவுகோல்களே இன்றுவரை வழிகாட்டி: தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாருடன் பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் பேரோடு பேரம் பேசிப் பாசிமணி விற்றுப் பிழைக்க வேண்டிய நரிக்குறவர், கூச்சம் என்ற தேர்வில் எப்படித் தேறுவார்? மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நெடுங்காலம் இருந்த அவர்களையும் குருவிக்காரர்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

சமூகம் பட்டியலில் ஏறினாலும், தனி மனிதர் தம்மை நிரூபிக்கும் பாடு தீர்வதில்லை. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழை வழங்குபவர் கோட்டாட்சியர். தந்தையின் சான்றிதழ் எங்கே, பள்ளி மாற்றுச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் விசாரணை தொடங்கும். தலைமுறை தலைமுறையாகப் பள்ளியையே பார்க்காத குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கும் பிள்ளையிடம் அப்பனுடைய காகிதத்தைக் கேட்டால் அது எங்கே போகும்? காகிதம் இல்லாத இடத்தில் ‘பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி பிடித்துக் காட்டு’ என்று அதிகாரிகள் சோதித்ததாக இருளர்களும் காட்டுநாயக்கர்களும் சொல்லக் கேட்டிருக்கிறோம். இறாலை நம்பி வாழும் கிள்ளைப் பிள்ளைக்குப் பாம்பு பிடிக்கத் தெரியாவிட்டால் அவன் இருளன் இல்லையென்று ஆகிவிடுமா? விவசாயியின் மகனிடம் ஏர் ஓட்டிக் காட்டச் சொல்லி எந்த அலுவலகமும் கேட்பதில்லை.

போலிச் சான்றிதழ்களைத் தடுப்பதற்காக உச்ச நீதிமன்றம் 1994ஆம் ஆண்டு மாதுரி பாட்டீல் வழக்கில் சான்றிதழ்களின் உண்மையைச் சரிபார்க்கும் கூர்நோக்குக் குழுக்களை அமைக்கச் சொன்னது. பழக்கவழக்கம், சடங்கு, தெய்வம் ஆகியவற்றை விண்ணப்பதாரர் அறிந்திருக்கிறாரா என்று பார்ப்பதும் அந்த விசாரணையின் பகுதி. 2023ஆம் ஆண்டு அதே நீதிமன்றம், இந்தப் பண்பாட்டுச் சோதனை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடாது என்று தெளிவுபடுத்தியது. நகரத்துக்குப் பிழைக்கப் போன குடும்பத்தில் சடங்குகள் தேய்ந்துபோவது இயல்பு என்பதால், இதைச் சரியான திருத்தமாகவே கருதுகிறேன்.

அப்படியானால் இரத்த வழி ஒன்றே போதுமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் அதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். யார் பழங்குடி என்பதை வரையறுத்த 1934ஆம் ஆண்டின் சட்டம், பழங்குடி இனக்குழுக்களின் உறுப்பினர்களையும் அவர்களுடைய வழித்தோன்றல்களையும் தவிர்த்த மற்றவர்களுக்குப் பாதி இரத்தமாவது, அதாவது முன்னோரில் பாதிப் பேராவது பழங்குடியினராக இருக்க வேண்டும் என்றது. அங்குள்ள பழங்குடிகளில் ஒன்றான நவாஹோ மக்கள் இன்றும் கால் பங்கு கேட்கிறார்கள். வெளியே மணம் செய்யும் ஒவ்வொரு தலைமுறையிலும் பங்கு பாதியாகும். இந்தக் கணக்கில் வகுத்தல் உண்டு, கூட்டல் அரிது. செரோக்கி என்ற மற்றொரு பழங்குடியின் ‘செரோக்கி நேஷன்’ மக்களோ பங்கு பார்ப்பதில்லை. பழைய பதிவேட்டில் முன்னோர் பெயர் இருந்தால் போதும். ஆனால் அவர்களிடம் ஒருகாலத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் சந்ததியார், 1866ஆம் ஆண்டு உடன்படிக்கையால் உரிமை பெற்றிருந்தும், 2007ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் வெளியேற்றப்பட்டார்கள். 2017ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பு அவர்களை மீண்டும் உள்ளே கொண்டுவந்தது.

சமூகமே முடிவு செய்யட்டும் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாண்டா கிளாரா என்ற பழங்குடி ஊரைச் சேர்ந்த ஜூலியா மார்டினெஸ் என்ற பெண், நவாஹோ இனத்தவரை மணந்தார். அவருடைய பிள்ளைகள் அந்த ஊரிலேயே வளர்ந்து, அவ்வூர் மொழியையே பேசினார்கள். ஆனால் 1939ஆம் ஆண்டின் ஊர்ச் சட்டப்படி, வெளியே மணந்த ஆணின் பிள்ளைகள் உறுப்பினர்கள், வெளியே மணந்த பெண்ணின் பிள்ளைகள் அல்லர். தாய்க்குப் பின் அந்த வீட்டில் இருக்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை. 1978ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது அச்சமூகத்தின் உள்விவகாரம் என்று கூறி ஒதுங்கிக்கொண்டது. தன்னாட்சியை மதித்த தீர்ப்புதான். ஆனாலும் அதற்கான விலையை மகள்கள்தான் கொடுத்தார்கள்.

இதே சிக்கல் நம்மிடமும் வந்தது. தாய் பழங்குடி, தந்தை வேறு சாதி என்ற வழக்கில் 2012ஆம் ஆண்டு நம் உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். பிள்ளை தந்தையின் சாதி என்ற ஊகம் இருக்கலாம், ஆனால் அது முடிந்த முடிவல்ல. தாயோடு, தாயின் மக்களிடையே, அவர்கள் பட்ட இழிவையும் இல்லாமையையும் பட்டு வளர்ந்ததை அந்தப் பிள்ளை நிரூபிக்கலாம் என்றது தீர்ப்பு. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தாய்வழிச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு, தாயின் மக்களோடு ஒருநாளும் ஒட்டாமல் வசதியான தந்தை வீட்டில் வளர்ந்த பிள்ளை, தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென உள்ள ஒரு சதவீத இடஒதுக்கீட்டில் இடம் பிடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நரிக்குறவர் குடும்பங்களில் தெய்வத்தின் பொருள்களைச் ‘சாமி மூட்டை’யாகக் கட்டிப் பாதுகாப்பார்கள்; அது தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். ஆண்வழி மரபு அவ்வளவு வலுவான சமூகம் அது. வெளியே மணந்து, கணவனால் கைவிடப்பட்டுக் குழந்தையோடு பிறந்த வீடு திரும்பிய ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அந்தக் குழந்தை நரிக்குறவர்களின் மொழியான வாக்ரிபோலி பேசி, குறடு பிடித்துக் கம்பி வளைத்து மணி கோத்து, பேருந்து நிலையத்தில் தாய்மாமனோடு படுத்து உறங்கி வளர்கிறது. நாளை அது விண்ணப்பத்தோடு வரும்போது சாமி மூட்டையில் பங்கு உண்டா என்று கேட்பது அரசின் வேலையல்ல; அது அந்தக் குடும்பங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது. விசாரணைக்குப் போகும் அலுவலர் மேசையிலிருந்து எழுந்து அந்தக் குடியிருப்புக்கே சென்று, பெரியவர்களையும், தவறாமல் பெண்களையும் உட்கார வைத்து, இந்தப் பிள்ளை யாரிடம் வளர்ந்தது, நல்லது கெட்டதுக்கு யார் இதை அழைக்கிறார்கள் என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ள வேண்டும். தந்தையின் சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது. வணக்கம்.