‘டிட்’ வந்த பிறகு ‘கோல்ட்’ ஏன் வரக்கூடாது? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த சந்தேகம் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருக்கிறது. தனியார் நிறுவனமொன்றில் வரவேற்பாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தங்கை கேட்கிறார்: “பாடசாலையில் ஆங்கிலத்தின் பன்னிரண்டு காலங்களுக்குமான அட்டவணையை மனப்பாடம் செய்தேன், இப்போதும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் தொலைபேசியில் ‘அவர் அழைக்கவில்லை’ என்று சொல்ல நினைத்தால் ‘ஹீ டிட் நொட் கோல்ட்’ (he did not called) என்றுதான் வாயில் வருகிறது. எப்படித் திருத்துவது?”

தங்கை, உங்கள் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. ஒரே வினைச்சொல்லைப் பன்னிரண்டு கட்டங்களில் பிரித்து அடைத்துக் காட்டும் அந்த அட்டவணை, அவற்றுக்குள் ஓடும் ஒரே விதியை மறைத்துவிடுகிறது. ‘கோல்’ என்பது ஒழுங்கான வினை. அதற்கு மொத்தமாக நான்கு வடிவங்கள்தான் இருக்கின்றன: கோல், கோல்ஸ், கோல்ட், கோலிங். மற்றவை எல்லாம் இந்த நான்கில் ஒன்றுடன் ‘டூ’, ‘பீ’, ‘ஹேவ்’, ‘வில்’ ஆகிய துணைவினைகள் சேர்ந்து உண்டாகும் தொடர்கள். அந்தத் தொடரில் எத்தனை சொற்கள் இருந்தாலும், காலத்தைக் காட்டுவது முதலாவது சொல் மட்டுமே.

இதைத் தமிழோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உடனே பிடிபடும். ‘அழைத்துக்கொண்டிருக்கிறேன்’, ‘அழைத்துக்கொண்டிருந்தேன்’, ‘அழைத்துக்கொண்டிருப்பேன்’ என்று மூன்று காலத்திலும் சொல்லிப் பாருங்கள். ‘அழைத்துக்கொண்டு’ என்ற பகுதி அசையவே இல்லை. மாறுவது கடைசியில் நிற்கும் ‘இரு’ மட்டும்தான். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் கோலிங்’, ‘ஐ வொஸ் கோலிங்’, ‘ஐ வில் பீ கோலிங்’ என்னும்போது ‘கோலிங்’ அப்படியே நிற்க, அதற்கு முன்னால் உள்ளது மாறுகிறது. நாம் வாலில் வைக்கும் காலத்தை அவர்கள் தலையில் வைக்கிறார்கள். பேச்சின் வேகத்தில் நமது பழக்கம் மேலோங்கிவிடுவதால், கடைசிச் சொல்லிலும் இறந்தகாலத்தை ஒட்டிவிடுகிறோம்.

இப்போது உங்கள் வசனத்துக்கு வருவோம். ‘ஹீ டிட் நொட் கோல்ட்’ என்பதில் ‘டிட்’ என்பதே ‘டூ’வின் இறந்தகாலம். காலத்தை அது ஏற்கனவே சொல்லிவிட்டதால், பின்னால் வரும் வினை வெறும் ‘கோல்’ என்றே நிற்க வேண்டும். தமிழிலும் எதிர்மறையில் நாம் ‘அழைத்தவில்லை’ என்று சொல்வதில்லை. காலம் காட்டாத ‘அழைக்க’ என்பதை வைத்தே ‘அழைக்கவில்லை’ என்கிறோம். ஆனால் நமது ‘இல்லை’ காலத்தைச் சுமப்பதில்லை. ‘நேற்று அழைக்கவில்லை’ என்றும் ‘இன்னும் அழைக்கவில்லை’ என்றும் ஒரே வடிவத்தைத்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது, ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’, ‘ஹேவ்’ போன்ற ஒரு துணைவினை முன்னால் வந்து காலத்தைச் சொல்லியாக வேண்டும்.

நிகழ்காலத்திலும் இதே கதைதான். ‘ஷீ கோல்ஸ்’ என்பதைக் கேள்வியாக்கும்போது அந்த ‘எஸ்’ முன்னால் போய் ‘டஸ் ஷீ கோல்?’ என்று ஆகிவிடுகிறது. ‘டஸ் ஷீ கோல்ஸ்?’ என்றால் ஒரே ‘எஸ்’ஸை இரண்டு இடத்தில் வைத்தவராகிவிடுவீர்கள். எதிர்காலத்துக்கென்று ஆங்கில வினையில் விகுதியே கிடையாது. ‘வில்’ வந்துவிட்டால் அதற்கு அடுத்த வினை, யாரைப் பற்றிப் பேசினாலும், வெறும் வடிவத்தில்தான் இருக்கும்.

அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு பிழையும் இதே இடத்தில்தான் பிறக்கிறது: ‘ஐ ஹேவ் கோல்ட் ஹிம் யெஸ்டர்டே’. இங்கே ‘கோல்ட்’ இருப்பதைப் பார்த்து இது இறந்தகாலம் என்று நினைத்துக்கொள்கிறோம். முதற்சொல்லைப் பாருங்கள், ‘ஹேவ்’ நிகழ்காலம். ஆகவே ‘நேற்று’ என்று முடிந்துபோன ஒரு நாளைக் குறிப்பிடும் சொல் அதனுடன் சேராது. ‘ஐ கோல்ட் ஹிம் யெஸ்டர்டே’ என்றோ, நாளைக் குறிப்பிடாமல் ‘ஐ ஹேவ் கோல்ட் ஹிம்’ என்றோ சொல்ல வேண்டும். ஒழுங்கான வினைகளில் ‘ஹேவ்’க்குப் பின்னால் வரும் வடிவமும் இறந்தகால வடிவமும் ஒன்றாகவே இருப்பதால்தான் இந்த மயக்கம். ‘கோ’ போன்ற ஒழுங்கற்ற வினையில் ‘வென்ட்’ வேறு, ‘கோன்’ வேறு என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தொலைபேசியில் கேட்பவருக்கு அது மட்டும்தான் போய்ச் சேருகிறது. இறந்தகால விகுதியை ‘ஈடீ’ (ed) என்று எழுதினாலும் அதற்கு மூன்று ஒலிகள் உண்டு. விரலைத் தொண்டையில் வைத்து ‘கோல்’ என்று சொல்லுங்கள், முடிவில் அதிர்வு தெரியும். அப்படிப்பட்ட சொற்களில் மெல்லிய ‘ட்’ ஒலி வரும், ‘கோல்ட்’, ‘க்ளீன்ட்’ என்பது போல. ‘ஹெல்ப்’, ‘வோஷ்’, ‘வோக்’ என்பவற்றின் முடிவில் அதிர்வு இராது. அங்கே அழுத்தமான ‘ட்’ வரும். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது, காதால்தான் பழக வேண்டும். T, D என்ற இரண்டு எழுத்துகளின் ஒலியில், அதாவது ‘வெயிட்’, ‘நீட்’ போல முடியும் வினைகளில் மட்டுமே ஓர் அசை கூடி ‘வெயிட்டிட்’, ‘நீடிட்’ என்று வரும். ‘வோக்கட்’, ‘ஹெல்ப்பட்’ என்று எல்லாவற்றிலும் அசையைக் கூட்டுவதை விட்டுவிட்டாலே பேச்சு பெருமளவு திருந்திவிடும்.

எழுத்துக்கூட்டல் சிறிய விடயம். ‘ஈடீ’ சேரும்போது ‘ஸ்டொப்’ என்பதில் கடைசி எழுத்து இரட்டிக்கும். ‘விசிட்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் இரட்டிக்காது. ‘ட்ரவல்’ போன்ற சில சொற்கள் விதிவிலக்கு, அழுத்தம் முதல் அசையில் இருந்தும் பிரித்தானிய முறையில் ‘எல்’ இரட்டிக்கும். இலங்கையில் நாம் அந்த முறையையே பின்பற்றுகிறோம். அலுவலகக் கணினி அப்படி எழுதிய சொல்லின் கீழே சிவப்புக் கோடு இட்டால், அதன் மொழித் தெரிவு அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றினால் கோடு போய்விடும்.