தண்ணீர் வழியாக வந்த திருடன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளால் நீருக்குக் கேடே என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் எதிரணித் தோழர் ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டலை அள்ளிவிட்டார். அதை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனசில்லை. "குடிநீர் இருப்பது சில நூறு அடியில், எரிவாயு இருப்பது பல ஆயிரம் அடியில். தரைத்தளத்தில் ஒருவர் குறட்டை விட்டால் பத்தாவது மாடியில் இருப்பவருக்குத் தூக்கம் கெடுமா?" என்றார்.

கெடும் ஐயா! நடுவில் படிக்கட்டு போட்டது யார்? குடிநீர் ஊற்றைத் துளைத்துக்கொண்டுதானே அவ்வளவு ஆழம் இறங்குகிறார்கள்? எஃகுக் குழாயை இறக்கி, அதற்கும் பாறைக்கும் நடுவே சிமெண்ட் ஊற்றி அடைக்கிறார்கள். அந்தக் குழாயும் சிமெண்டும்தான் நம் தண்ணீருக்குக் காவல்.

தூக்கத்தைக் கேட்டீர்கள் அல்லவா? சொல்கிறேன். 2007 டிசம்பர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் என்கிற ஊர். வயதான கணவனும் மனைவியும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். வீடு வெடிக்கிறது! தூங்கிக்கொண்டிருந்த வீடு, நடுவர் அவர்களே!

வாயு எங்கிருந்து வந்தது? பக்கத்தில் புதிதாகத் தோண்டிய எரிவாயுக் கிணறு. சிமெண்ட் சரியாக அடைபடவில்லை. அப்படியும் வாயுவை வெளியே எடுப்பதற்காகப் பாறையை உடைக்கும் வேலையை முடித்தார்கள். அதன்பின் 31 நாள் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பெரும்பாலும் மூடியே வைத்திருந்தார்கள். 31 நாள்! உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. வாயு நிலத்தடி நீருக்குள் புகுந்தது. வீட்டுக் கிணறுகள் வழியே வீடுகளுக்குள் வந்தது. திருடன் வாசல் வழியாக வரவில்லை, ஜன்னல் வழியாக வரவில்லை. தண்ணீர் வழியாக வந்தான்! 19 வீட்டுக்காரர்களை வெளியேற்றினார்கள். அந்த முதியவர்கள் இருவரும் காயமில்லாமல் பிழைத்தார்கள். இப்போது சொல்லுங்கள் தோழரே, தூக்கம் கெட்டதா இல்லையா?

எண்ணெயோடு மேலே வரும் உப்புநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல இடங்களில் அது கடல்நீரைவிட உப்பு. கதிர்வீச்சை உமிழும் ரேடியம் கலந்துகூட வரும். ஓடையில் சிந்தினால் மீன் சாகும். நிலத்தில் சிந்தினால் பல வருஷத்துக்குப் புல் முளைக்காது.

மணி அடித்துவிட்டீர்கள். சரி, ஒரு நிமிடம் கொடுங்கள்.

அப்படி ஓர் ஊரில் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். ராத்திரி குழந்தை தண்ணீர் கேட்டு அழுகிறது. எழுந்து போய்க் குழாயைத் திறக்கிறாள். தம்ளர் நிறைகிறது. நேற்றுவரை அப்படியே குழந்தையின் வாயில் வைத்தவள், இன்றைக்கு மோந்து பார்க்கிறாள். எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான்; அதற்கு மணம் கிடையாது, நிறமும் கிடையாது. எதை மோந்து பார்ப்பாள் பாவம்? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. குடிக்கக் கொடுக்கவும் கை வரவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை. குழந்தை இன்னும் அழுதுகொண்டிருக்கிறது, நடுவர் அவர்களே.