பிட்யூட்டரி ஆபரேஷனுக்கு அப்புறம் வாசனை ஏன் போகிறது?

[திரையில்: பக்கவாட்டுத் தோற்றத்தில் மூக்கின் உட்புறமும் மூளையும்]

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டியை எடுத்தாயிற்று, ஸ்கேனும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் எல்லாமே சப்பென்று இருக்கிறது, சோப்பை முகர்ந்தால் ஒன்றும் தெரியவில்லை. பெரிய கண்டத்தைத் தாண்டி வந்திருக்கிறோம், இதைப் போய் எப்படிக் கேட்பது என்று பலர் வாயே திறப்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள்.

தலைக்குள் இருக்கிற கட்டிக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்? உடம்பின் பல ஹார்மோன்களைக் கட்டுப்படுத்துகிற, பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால் ஒரு எலும்புக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலும் மண்டையைத் திறக்காமல், மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமரா குழாயை விட்டு, மூக்குக்குப் பின்னால் உள்ள ஸ்பீனாய்டு சைனஸ் என்ற காற்றறையைத் திறந்து அங்கே போய்விடுகிறார்கள்.

[திரையில்: மூக்கின் கூரை மஞ்சளாக ஒளிர்கிறது]

வாசனை நரம்புகள் இருப்பது இந்த மஞ்சள் பகுதியில். டாக்டர் போகிற பாதை இதற்குக் கீழே, ஆனால் ரொம்பப் பக்கத்தில். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியாமல் அடைக்க, மூக்கின் நடுச்சுவரிலிருந்து சவ்வை எடுத்து ஒட்ட வேண்டியிருந்தால், வாசனைக்காகவே அதன் மேல் ஓரத்தைத் தொடாமல் விட்டுவைக்கப் பார்ப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்பே, "எனக்குச் சவ்வு எடுக்க வேண்டியிருக்குமா, வாசனை என்ன ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள்.

முதல் சில வாரங்களில் வாசனை குறைந்தாலே நரம்பு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். வீக்கமும், உறைந்த ரத்தமும், காய்ந்த பொருக்கும் சேர்ந்து காற்றை மேலே ஏற விடாமல் அடைத்துக்கொண்டிருக்கும். டாக்டர் சொன்ன நாளிலிருந்து உப்புநீரால் கழுவக் கழுவப் பொருக்கு விலகும். பலருக்குச் சில மாதங்களில் வாசனை திரும்பிவிடுகிறது, சிலருக்கு இன்னும் நாளாகும், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

திரும்பாவிட்டால், மூக்கு ஆறியதும் வாசனைப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். 2009இல் ஜெர்மனியின் தாமஸ் ஹம்மல் குழு, வேறு காரணங்களால் வாசனை இழந்தவர்களை ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய 4 வாசனைகளைத் தினம் 2 வேளை, 12 வாரம் முகரவைத்தபோது, பயிற்சி செய்யாதவர்களைவிட அவர்களுக்கு வாசனை கூடுதலாகத் தெரிந்தது. பொறுமை வேண்டும், ஆனால் செய்து பார்க்க நிச்சயம் தகுந்தது.

இதற்கிடையில் அன்றாட வாழ்க்கை இருக்கிறதே, எனக்கு அதுதான் முக்கியம். கேஸ் கசிந்தாலும் தெரியாது, உணவு கெட்டுப்போனாலும் தெரியாது, தன் உடம்பில் வியர்வை நாறுகிறதோ என்ற கூச்சத்தில் ஆட்களை விட்டே விலகிவிடுகிறவர்கள் உண்டு. வீட்டில் புகை, கேஸ் அலாரம் வையுங்கள், உணவின் மேல் தேதி எழுதுங்கள், முகர்ந்து சொல்ல நம்பிக்கையான ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பசியின்மையும் அசதியும் சேர்ந்தே இருந்தால் பழியை மூக்கின் மேல் போட்டுவிடாதீர்கள், பிட்யூட்டரி சரியாக வேலை செய்யாமல் கார்டிசோல் ஹார்மோனோ தைராய்டு ஹார்மோனோ குறைந்திருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும்.

[திரையில்: மூக்கிலிருந்து சொட்டும் தெளிந்த நீர்]

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது. குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி தெளிவாகச் சொட்டினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ, அது மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவதாக இருக்கலாம், மூக்கைச் சிந்தாமல் உடனே ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள்.