நுணலின் வாய்

நண்பர்களே, தவளை என்றதும் நம் பேச்சில் தானாக வந்து விழும் தொடர்கள் இரண்டு: கிணற்றுத் தவளை, நுணலும் தன் வாயால் கெடும். இரண்டுமே வசை. ஒன்றை உலகம் தெரியாதவருக்கு வைத்திருக்கிறோம், இன்னொன்றை வாயை அடக்கத் தெரியாதவருக்கு. இன்று இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். தவளையின் வாயை நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பழமொழி நானூற்றில் அந்த வெண்பா இப்படி முடிகிறது: "மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும்தன் வாயால் கெடும்." பின்பாதியைப் பேச்சில் எடுத்துக்கொண்டோம், முன்பாதியை விட்டுவிட்டோம். எனக்குப் பிடித்தது அந்த முன்பாதிதான். மணலுக்குள் முழுகிக் கிடக்கும் தவளை என்று முன்றுறை அரையனார் சொல்வது கற்பனை இல்லை, அப்படி வாழும் தவளைகள் பல வகை உண்டு. பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், அதை வைத்து மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே உள்ளே இறங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் உப்பிய உடலும் கூர்மூக்குமாக ஊதா நிறத்தில் ஒரு தவளை இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்ந்துவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் கொஞ்ச நாள் மட்டும் இணைசேர வெளியே வரும். 2003இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. அதன் நெருங்கிய உறவினர்கள் கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள், அதாவது இந்த நிலங்கள் ஒன்றாக ஒட்டிக்கிடந்த காலத்துக் குடும்பம் அது.

சரி, இவ்வளவு பத்திரமாக மறைந்திருப்பது ஏன் கத்திக் காட்டிக்கொடுக்கிறது? முதலில் ஒன்று: இணையை அழைக்கும் தவளை வாயைத் திறப்பதே இல்லை. வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, நுரையீரலிலிருந்து காற்றைத் தொண்டைக்கடியில் இருக்கும் குரல்பைக்குத் தள்ளுகிறது, அது பலூனாக உப்புகிறது, பிறகு அதே காற்று திரும்ப நுரையீரலுக்குப் போகிறது. போகும் வழியில் குரல்வளை அதிர்கிறது. மழை இரவில் காதை அடைக்கும் அந்தச் சத்தம் முழுவதும் மூடிய வாய்களிலிருந்து வருகிறது!

கத்துவது பெரும்பாலும் ஆண்தான். ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குரல். இருட்டில், ஒரே குளத்தில் ஐந்தாறு இனம் கூடியிருக்கும்போது, பெண் தன் இனத்து ஆணைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. மத்திய அமெரிக்காவில் துங்காரா என்று ஒரு சின்னத் தவளை உண்டு. தனியாக இருக்கும் ஆண் ஒரு நீண்ட இழுப்போடு நிறுத்திக்கொள்ளும். பக்கத்தில் போட்டிக்கு ஆள் வந்துவிட்டால் அந்த இழுப்பின் முடிவில் "சக், சக்" என்று குறுகிய ஒலிகளைச் சேர்க்கும். பெண்ணுக்கு அந்தச் "சக்" சேர்ந்த குரல்தான் பிடிக்கும். அதே குரலைக் கேட்டு இன்னொருவரும் வருகிறார், தவளை தின்னும் வௌவால். பனாமாவில் செய்த சோதனைகளை 1981இல் வெளியிட்டார்கள்: குரலைக் கேட்டே வௌவால் வருகிறது, அதுவும் "சக்" சேர்ந்த குரலையே அதிகம் தேடி வருகிறது.

நம் புலவர் கண்டது உண்மைதான், அது தன் வாயால் கெடுகிறது. ஆனால் அந்தக் குரல் இல்லாவிட்டால் அதற்குப் பிள்ளை இல்லை. எத்தனை "சக்" சேர்க்கலாம், எத்தனை சேர்த்தால் உயிர் போகும் என்ற கணக்கோடுதான் ஒவ்வோர் இரவும் அது குளத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பேதையின் உளறலோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் குரல்பைக்கு இன்னொரு வேலையும் உண்டு. சிலி நாட்டுக் காடுகளில் டார்வின் தவளை என்று ஓர் இனம். ஈரத்தரையில் இட்ட முட்டைகளை ஆண் காவல் காக்கும், உள்ளே தலைப்பிரட்டைகள் அசையத் தொடங்கியதும் அவற்றை வாயில் எடுத்துக் குரல்பைக்குள் வைத்துக்கொள்ளும். வால் மறைந்து குட்டித் தவளையாகும்வரை அங்கேதான் வளரும். பிறகு அப்பாவின் வாய் வழியாக வெளியே குதிக்கும்.

சங்கப் புலவர்கள் இந்தக் குரலை வசையாகக் கேட்கவே இல்லை. குறுந்தொகையில் அரிசில் கிழார், "பகுவாய்த் தேரை தட்டைப் பறையிற் கறங்கும் நாடன்" என்கிறார். சுனையில் தேரை எழுப்பும் ஒலி தட்டைப்பறை போலக் கேட்கிறது, அது காதலனின் மலைநாட்டுக்கு அடையாளம், அவ்வளவுதான். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார் இன்னும் நுணுக்கம்: "வரிநுணல் கறங்கத் தேரை தெவிட்டக் கார்தொடங் கின்றே காலை." நுணலுக்கு ஒரு வினைச்சொல், தேரைக்கு ஒரு வினைச்சொல்! இரண்டும் சேர்ந்து ஒலித்தால் கார்காலம் தொடங்கிவிட்டது, போனவர் இன்று வந்துவிடுவார் என்று தோழி தேற்றுகிறாள். ரிக் வேதத்தின் ஏழாம் மண்டலத்திலும் தவளைகளுக்கென்றே ஒரு பாட்டு உண்டு. ஆண்டு முழுக்க மௌன விரதம் இருந்தவர்கள் மழை வந்ததும் வாய் திறப்பதுபோல, ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்வதுபோல என்று அது போகிறது. இவர்கள் எல்லாம் நின்று கேட்டவர்கள். ஓர் ஆண் கூப்பிட, அடுத்தது அதன் இடைவெளி பார்த்துப் பதில் குரல் கொடுப்பதை ஆய்வாளர்களும் பிற்பாடு எழுதினார்கள்.

பிற்காலத்தில்தான் தவளை ஏளனத்துக்கு ஆளாகிறது. விவேக சிந்தாமணியில் "தண்டாமரையின் உடன்பிறந்தும் தண்தேன் நுகரா மண்டூகம்" என்று ஒரு குறை. தேன் தவளைக்கு உணவே இல்லையே, அது பூச்சி தின்னும் பிராணி, அதிலும் அந்தத் தேனைத் தேடி வரும் வண்டுகூட அதற்கு இரைதான். கிணற்றுத் தவளைக் கதை சீனத்தில் சுவாங்சி என்ற பழைய நூலிலும் இருக்கிறது, 1893இல் விவேகானந்தர் சிகாகோ மேடையிலும் சொன்னார். கதை நல்ல கதை, ஆனால் உதாரணத்துக்குப் பிடித்த ஆள் தவறு. செவுளால் மூச்சுவிட்டுப் பாசி மேய்ந்த ஓர் உயிர், சில வாரங்களில் வாலைத் தன் உடலுக்குள்ளேயே கரைத்து, நீண்ட குடலைச் சுருக்கி, நுரையீரலோடு கரையேறி வேட்டையாடுகிறது. இதைவிடப் பெரிய எல்லையைத் தாண்டிய பிராணி எது?

கல்லுக்குள் தேரை விஷயத்தை ஒருவர் சோதித்தே பார்த்துவிட்டார். வில்லியம் பக்லண்ட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1825இல் தேரைகளைச் சுண்ணாம்புக்கல்லிலும் மணற்கல்லிலும் குடைந்த அறைகளில் வைத்து மூடித் தோட்டத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் தோண்டியபோது மணற்கல்லில் இருந்தவை செத்திருந்தன, நுண்துளைகள் உள்ள சுண்ணாம்புக்கல்லில் இருந்தவற்றில் பல உயிரோடு இருந்தன. மறுபடி புதைத்தார், இரண்டாம் ஆண்டில் அவையும் போயின. படிக்கவே வேதனையாக இருக்கிறது. மெல்லச் சூடேறும் நீரில் தவளை தெரியாமல் வெந்துபோகும் என்று மேடைக்கு மேடை சொல்கிறோமே, அதையும் நிறுத்தலாம். 1869இல் கோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் செய்த சோதனையில் அசையாமல் இருந்தது மூளை நீக்கப்பட்ட தவளை. மூளை உள்ள தவளை தப்பிக்கப் பார்த்தது.

கடைசியாக ஒரு வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இரண்டு இனங்கள் இருந்தன. பெண் தன் முட்டைகளை விழுங்கிவிடும், இரைப்பையில் அமிலம் சுரப்பது நின்றுவிடும், வாரக்கணக்கில் அது எதையும் தின்னாது, குட்டிகள் வளர்ந்ததும் வாய் வழியாகவே வெளியே வரும். முதல் இனத்தை 1973இல் பதிவுசெய்தார்கள், 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு இரண்டையும் யாரும் பார்க்கவில்லை. தவளைத் தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சைமீது சந்தேகம் இருக்கிறது. தவளை தோலால்தான் நீர் குடிக்கிறது, உடலின் உப்புச் சமநிலையையும் தோல்தான் காக்கிறது, அது கெட்டால் இதயம் நின்றுவிடும். 1999இல்தான் அந்தப் பூஞ்சைக்குப் பெயரே வைத்தார்கள். 2023இல் வந்த உலகளாவிய மதிப்பீட்டின்படி நீர்நில வாழ்வன இனங்களில் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன.

எந்தக் குளத்தில் யார் மிச்சம் என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் இப்போது ஒலிப்பதிவுக் கருவிகளைக் காட்டில் கட்டிவைக்கிறார்கள். மழை இரவு முழுக்கப் பதிவாகும். அப்புறம் உட்கார்ந்து, இது இந்த இனம், அது அந்த இனம் என்று ஒவ்வொரு குரலாகப் பிரிக்கிறார்கள். நுணல் கறங்குகிறது, தேரை தெவிட்டுகிறது என்று பேயனார் பிரித்ததும் இப்படிக் காதால் கேட்டுத்தான்.